லாக்டவுன் வாடகை பாக்கிக்கு இப்போ கையெழுத்து போடலாமா? பேட்மின்டன் அகாடமி நடத்துற வாசகருக்கு ஒரு வக்கீலோட பதில்

கோவைப் பக்கத்துலேருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். பேர், ஊர் எதுவும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால அடையாளம் தெரியுற விஷயத்தையெல்லாம் எடுத்துட்டு சுருக்கிச் சொல்றேன்.

அவர் காலேஜ் காலத்துல மாநில அளவுல பேட்மின்டன் ஆடினவர். 2018-ல ஒரு பழைய குடோனை மாசம் 60,000 ரூபாய் வாடகைக்கு எடுத்து, 6 லட்சம் அட்வான்ஸ் குடுத்து, பேங்க்ல 25 லட்சம் லோன் போட்டு நாலு சிந்தெடிக் கோர்ட் போட்டார். ரெண்டு வருஷத்துல 110 பசங்க, மூணு கோச். அப்புறம் 2020 மார்ச். ஏப்ரல்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் அஞ்சு மாசம் ஷட்டர் திறக்கல, வாடகையும் தரல. இடத்தோட ஓனர் பெரியவர், போன்ல "அப்புறம் பாத்துக்கலாம் தம்பி"ன்னு சொல்லியிருக்கார். 2021-ல ரெண்டாவது அலை வந்தப்போ மே, ஜூன், ஜூலை மூணு மாசம் மறுபடியும் அதே கதை. ஆக எட்டு மாசம், 4,80,000 ரூபாய். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் மாசாமாசம் வாடகை கரெக்டா போயிட்டு இருக்கு.

போன வருஷம் பெரியவர் இறந்துட்டார். அவரோட மகன் இப்போ ஒரு லெட்டர் நீட்டுறார். "எட்டு மாச வாடகை 4,80,000 ரூபாயும் அதுக்கு 18 சதவீத வட்டியும் நான் தர வேண்டியது உண்மை, ஆறு மாசத்துல தந்துடறேன்"னு அதுல இருக்கு, கையெழுத்து போடு இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணுங்கறார். இதுபோக பேங்க்காரங்க ஆறு மாச வட்டியைத் தள்ளுபடி பண்ணாம ஏமாத்திட்டாங்கன்னு ஒரு வருத்தம், 2020 ஆரம்பத்துல வருஷ பீஸ் கட்டின 14 பெற்றோருக்கு இன்னும் கணக்கு முடிக்கலயேன்னு ஒரு உறுத்தல், கோச்சுங்களுக்கு அந்த மாசங்கள்ல பாதி சம்பளம்தான் குடுத்தேன்னு இன்னொரு உறுத்தல். "கொரோனா கடவுள் செயல்தானே சார், கவர்மென்ட்டே மூடச் சொன்னதுக்கு நான் எப்படி வாடகை தர முடியும்? ஆனா பெரியவர் நல்ல மனுஷன், அவருக்குக் கடன்பட்டு நிக்கிற மாதிரி இருக்கு, கையெழுத்து போட்டுடட்டுமா?"ன்னு முடிச்சிருக்கார்.

தம்பி, மொதல்ல ஒண்ணு. நான் சொல்ற வரைக்கும் அந்த லெட்டர்ல கையெழுத்து போடாதீங்க. மறுத்துட்டு சண்டையும் போடாதீங்க. "வக்கீல்கிட்ட காட்டிட்டு வரேன்"னு சொல்லி ஒரு காப்பி மட்டும் வாங்கிக்கோங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

உங்க தொழில்ல விழுந்த அடி எப்படிப்பட்டதுன்னு எனக்குப் புரியுது. மளிகைக் கடைக்காரருக்கு இன்னிக்கு விக்காத அரிசி நாளைக்கு விக்கும். கோர்ட்ல சாயங்காலம் ஆறு மணி ஸ்லாட் காலியா போச்சுன்னா அது போனது போனதுதான், அதை ஸ்டாக் வெச்சு விக்க முடியாது, ஆனா வாடகையும் இஎம்ஐயும் ஓடிட்டே இருக்கும். பெரிய ஆட்டங்களுக்கு வேற ஒரு கை இருந்துச்சு. 2020 ஐபிஎல்லை யுஏஇக்குத் தூக்கிட்டுப் போய் ஆளில்லாத ஸ்டேடியத்துல நடத்தினாங்க, டிக்கெட் காசு போனாலும் டிவி காசு வந்துச்சு. நம்ம டிஎன்பிஎல் அந்த வருஷம் நடக்கவே இல்ல, 2021-லதான் சேப்பாக்கத்துல ஒரே மைதானத்துல வெச்சு முடிச்சாங்க. உங்க பேட்மின்டன்லயே 2020 மார்ச்ல ஆல் இங்கிலாந்து முடிஞ்ச கையோட உலக அளவுல போட்டியெல்லாம் நிறுத்திட்டாங்க, மே மாசம் நடக்க வேண்டிய தாமஸ் கோப்பை அடுத்த வருஷம் அக்டோபருக்குப் போச்சு. போட்டி இல்லேன்னா பசங்க வர மாட்டாங்க, பசங்க இல்லேன்னா ஷட்டில், ராக்கெட், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டற வேலைன்னு சுத்தி இருக்கிற எல்லார் பொழப்பும் நிக்கும். இதுல அகாடமி நடத்துறவங்கதான் நடுவுல மாட்டினாங்க, டிவி காசும் இல்ல, ரேஷனும் இல்ல. நீங்க தோத்துட்டதா எழுதியிருக்கீங்க. நாலு கோர்ட்டையும் இன்னிக்கு வரைக்கும் ஓட்டிட்டு இருக்கிற ஆளைத் தோத்தவர்னு நான் சொல்ல மாட்டேன்.

"கடவுள் செயல்"னு சொன்னா வாடகை தள்ளுபடி ஆகாது

இது நிறைய பேருக்கு இருக்கிற தப்பான நம்பிக்கை, நீங்க மட்டும் இல்ல. ஒப்பந்தச் சட்டத்துல 56-வது பிரிவு, செய்யவே முடியாமப் போன ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது, அதைப் பிடிச்சுக்கிட்டு அந்த சமயத்துல நாடு பூரா வாடகைதாரருங்க கோர்ட்டுக்குப் போனாங்க. ஆனா இடத்தை உங்க கையில குடுத்தாச்சு, சாவி உங்ககிட்ட இருக்குன்னா அந்தப் பிரிவு குத்தகைக்குப் பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1968-லயே சொல்லிடுச்சு. சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவுல தீ, புயல், வெள்ளம் மாதிரி விஷயத்தால இடமே நிரந்தரமா உபயோகமில்லாமப் போனா குத்தகையை முடிச்சுக்கலாம்னு இருக்கு. அதுலயும் முடிச்சுக்கத்தான் முடியும், இடத்தையும் வெச்சுக்கிட்டு வாடகையும் தராம இருக்க முடியாது. உங்க குடோன் அஞ்சு மாசம் பூட்டிக் கிடந்துச்சே தவிர இடிஞ்சு போகல. 2020 மே மாசம் டெல்லி ஹைகோர்ட் கான் மார்க்கெட் கடை ஒண்ணோட வழக்குல இதையெல்லாம் அலசி, அக்ரிமென்ட்ல அப்படி ஒரு ஷரத்து இல்லேன்னா வாடகையை நிறுத்தி வைக்க முடியாது, கட்டறதுக்கு வேணா கொஞ்சம் டைம் தரலாம்னு முடிச்சாங்க. உங்க அக்ரிமென்ட் ரெண்டு பக்கம், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட் பில் யாருது, அவ்ளோதான். அதனால அந்த 4,80,000 அன்னிக்கு நீங்க தர வேண்டிய பணம்தான். "பாத்துக்கலாம் தம்பி"ங்கறது தள்ளுபடின்னு வாதாடலாம், ஆனா சொன்னவர் உயிரோட இல்ல, எழுத்துல எதுவும் இல்ல, அந்த வாதத்தை நம்பி நான் உங்களை இறக்கிவிட மாட்டேன்.

இன்சூரன்ஸ் பத்தியும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. விம்பிள்டன் 2020-ல ரத்தானப்போ அவங்களுக்குப் பெரிய தொகை வந்துச்சே, எனக்கு ஏன் வரலன்னு. அவங்க பல வருஷமா தொற்றுநோய்க்குன்னே தனியா பிரீமியம் கட்டி வந்தாங்க. நீங்க எடுத்தது தீ விபத்து பாலிசி, அதுல வருமான இழப்பு சேர்த்திருந்தாலும் கட்டடத்துக்கோ பொருளுக்கோ சேதம் ஆகியிருக்கணும்.

அப்போ தர வேண்டிய பணம், இப்போ கோர்ட்டுல கேக்க முடியுமா?

இங்கதான் விஷயமே இருக்கு. வாடகை பாக்கியைக் கேட்டு வழக்கு போட மூணு வருஷம்தான் டைம். கொரோனா காலத்துல கோர்ட்டே சரியா நடக்காததால 15.03.2020-லேருந்து 28.02.2022 வரைக்கும் உள்ள நாளையெல்லாம் கணக்குல சேக்க வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, 2022 ஜனவரியில வந்த உத்தரவு அது. உங்க எட்டு மாசமும் அந்தக் காலத்துக்குள்ளயே விழுது. அப்போ மூணு வருஷம் 01.03.2022-லேருந்து ஓட ஆரம்பிச்சு 2025 பிப்ரவரி கடைசியோட முடியுது. அந்தத் தேதி தாண்டிடுச்சு. மேலோட்டமா பாத்தா அந்தப் பணத்துக்காக வழக்கு போடற கதவு மூடியாச்சு. மகன் இப்போ திடீர்னு லெட்டரோட வந்ததுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன், யாரோ விவரமானவங்க எழுதிக் குடுத்த லெட்டர் மாதிரி இருக்கு.

ஏன்னா காலாவதி ஆன கடனுக்கு உயிர் குடுக்க ஒரே ஒரு வழி இருக்கு. "தரேன்"னு நீங்களே எழுதிக் கையெழுத்து போட்டா அது புது ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவுப்படி அது செல்லும். 18 சதவீதம்னு உங்க பழைய அக்ரிமென்ட்ல எங்கயும் இல்ல, ஆனா இந்த லெட்டர்ல போட்டுட்டா அதுவும் ஒட்டிக்கும். தனி வட்டியா போட்டாலே இந்த வருஷங்களுக்கு வட்டி மட்டும் 4 லட்சத்தைத் தொடும். ஒரு கையெழுத்துல 4,80,000 கிட்டத்தட்ட டபுள் ஆயிடும்.

சரி, அப்போ ஜாலியா உக்காந்துக்கலாமான்னு கேட்டா, முடியாது. மூணு ஓட்டை இருக்கு.

ஒண்ணு, உங்க வாட்ஸ்அப். 2023 தீபாவளி சமயத்துல பெரியவருக்கு "பழைய பாக்கியை அடுத்த வருஷம் முடிச்சுடறேன் ஐயா"ன்னு அனுப்பினதா நீங்களே எழுதியிருக்கீங்க. டைம் முடியறதுக்குள்ள கடனை ஒத்துக்கிட்டு எழுத்துல கையெழுத்தோட குடுத்தா அன்னியிலேருந்து மறுபடியும் மூணு வருஷம் ஓடும், காலவரையறைச் சட்டம் 18-வது பிரிவு. வாட்ஸ்அப் மெசேஜ் கையெழுத்து போட்ட எழுத்து ஆகுமான்னு வாதாடலாம், ஆனா ஆகும்னு ஒரு நீதிபதி எடுத்துக்கிட்டா 2026 நவம்பர் வரைக்கும் வழக்கு போடலாம். அதை டெலிட் பண்ணிடலாமான்னு உங்க மனசுல ஓடும், பண்ணாதீங்க. பெரியவர் போன்ல அது இருக்கும், நீங்க அழிச்சது தெரிஞ்சா மத்த எல்லா விஷயத்துலயும் உங்க பேச்சுக்கு மதிப்பு போயிடும்.

ரெண்டு, நீங்க மாசாமாசம் அனுப்பின வாடகை. எந்த மாசத்துக்குன்னு சொல்லாம பணம் குடுத்தா, வாங்கினவர் அதைப் பழைய பாக்கியில வரவு வெச்சுக்கலாம். ரெண்டு பேரும் எதுவும் சொல்லலேன்னா சட்டமே பழசுலேருந்து கழிக்கச் சொல்லுது, ஒப்பந்தச் சட்டத்துல 59-லேருந்து 61 வரைக்கும் உள்ள பிரிவுகளைப் பாருங்க. அப்படிக் கழிச்சா 2020 பாக்கி எப்பவோ தீர்ந்துபோய் கடைசி எட்டு மாச வாடகை பாக்கின்னு ஆயிடும், அதுக்கு டைம் நிறைய இருக்கு! அதனால இன்னிக்கே உக்காந்து ஜிபே, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுங்க. "மார்ச் வாடகை"ன்னு நோட் போட்டிருந்தா தங்கம். போடலேன்னாலும் மாசா மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள கரெக்டா அதே 60,000 போயிருக்குன்னா அது அந்தந்த மாச வாடகைன்னு சூழ்நிலையே சொல்லும். பெரியவர் ரசீது குடுத்திருந்தா அதுல மாசம் எழுதியிருக்கான்னு பாருங்க. இனிமே ஒரு ரூபா அனுப்பினாலும் மாசத்தை எழுதாம அனுப்பாதீங்க.

மூணு, அட்வான்ஸ். டைம் முடிஞ்சா வழக்கு போடற உரிமைதான் போகும், கடன் போகாது. நீங்க காலி பண்ற அன்னிக்கு 6 லட்சத்துலேருந்து 4,80,000-ஐப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் நீட்டுவார். அதை எதிர்த்து வழக்கு போட வேண்டியது நீங்களா இருப்பீங்க.

காலி பண்ணச் சொன்னா உடனே பண்ணணுமா?

இல்ல. அவரா வந்து பூட்டு போட முடியாது, கரண்ட்டைக் கட் பண்ண முடியாது. ரென்ட் கோர்ட் மூலமாத்தான் வரணும். ஆனா உங்க பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு. 2019 பிப்ரவரியிலேருந்து தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் நடைமுறையில இருக்கு, அதுப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதாரிட்டிகிட்ட பதிவும் பண்ணணும். உங்களுது 2018-ல போட்ட 11 மாச அக்ரிமென்ட், அப்புறம் புதுப்பிக்கவே இல்ல. ஒப்பந்தம் போடறதுல ரெண்டு பேருக்கும் ஒத்து வரலேங்கறதே வெளியேத்தறதுக்கு ஒரு காரணமா அந்தச் சட்டத்துல இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது பல பேருக்குத் தெரியாது. பழைய உத்தரப் பிரதேச வழக்கு ஒண்ணுல, காலாவதி ஆன வாடகை பாக்கியும் பாக்கிதான், வெளியேத்தறதுலேருந்து தப்பிக்கணும்னா அதையும் சேத்துக் கட்டணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நம்ம ஊர் சட்டத்தோட வாசகம் வேற, அப்படியே பொருந்தாதுன்னு வாதாடலாம். ஆனா எதிர்க்கட்சி வக்கீல் அதைத்தான் முதல்ல எடுத்து வைப்பார். நாலு கோர்ட்டோட தரை, லைட், நெட் எல்லாம் பிச்சு எடுத்துட்டு வேற இடத்துல போடற செலவை நினைச்சுப் பாருங்க. சட்டப்படி ஜெயிக்கிற பணத்தைவிட இடம் போனா ஆகிற நஷ்டம் அதிகம்னா, பேசி முடிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

அதனால என் யோசனை இது. மகனோட லெட்டர்ல கையெழுத்து போடாம நீங்க ஒரு உடன்படிக்கை கொண்டு போங்க. எட்டு மாசத்துக்கும் சேத்து ஒரு மொத்தத் தொகை, பாதியிலேருந்து பேச்சை ஆரம்பிக்கலாம், ஏன்னா அந்த மாசங்கள்ல பெரியவராலயும் அந்த இடத்தை வேற யாருக்கும் விட்டிருக்க முடியாது, நியாயமான மனுஷன்னா ஒத்துக்குவார். அந்தத் தொகையை அட்வான்ஸ்லேருந்து கழிச்சுக்கிட்டு, அட்வான்ஸை மாசம் கொஞ்சமா மறுபடி நிரப்பறேன்னு சொல்லுங்க, கையிலேருந்து மொத்தமா போகாது. வட்டி கிடையாது. "இதோட 2020, 2021 கணக்கு முழுசா முடிஞ்சது"ன்னு ஒரு வரி கண்டிப்பா வேணும். அதே நாள்ல அஞ்சு வருஷத்துக்குப் புது குத்தகைப் பத்திரம், ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், ஒரு வருஷத்துக்கு மேலன்னா பதிவு கட்டாயம். அதுல இந்தத் தடவை ஒரு ஷரத்து சேருங்க: தொற்றுநோயோ வேற எதுவோ அரசு உத்தரவால அகாடமி மூடியிருந்தா அந்த நாளுக்கு வாடகை பாதி, மூணு மாசத்துக்கு மேல போச்சுன்னா நீங்க நோட்டீஸ் குடுத்து வெளிய போகலாம், அட்வான்ஸ் முழுசா திரும்பணும். 2018-ல இந்த நாலு வரி இருந்திருந்தா இந்த லெட்டரையே நீங்க எனக்கு எழுதியிருக்க மாட்டீங்க.

கையெழுத்துக்கு முன்னாடி இன்னொண்ணு, வாரிசுச் சான்றிதழ் கேளுங்க. பெரியவருக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கறதா போற போக்குல எழுதியிருக்கீங்க. உயில் இல்லேன்னா அவங்களும், அம்மா இருந்தா அம்மாவும் சொத்துல பங்குதாரருங்க. மகன்கிட்ட மட்டும் முடிச்சுட்டு நாளைக்கு அக்காவோ தங்கச்சியோ வந்து எங்க பங்கு எங்கன்னு கேட்டா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எல்லாரும் கையெழுத்து போடணும்.

பேங்க் ஏமாத்தல

மொரட்டோரியம்னா தள்ளி வைக்கறது, தள்ளுபடி இல்ல. 2020 மார்ச்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் இஎம்ஐ கட்டாம இருக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விட்டுச்சு, வட்டி ஓடிட்டுதான் இருந்துச்சு. அப்போ உங்க பாக்கி 20 லட்சம், வட்டி 11 சதவீதம்னா மாசம் 18,000 சொச்சம், ஆறு மாசத்துக்கு 1,10,000, அது அசல்ல ஏறினதாலதான் லோன் இழுத்துக்கிட்டே போகுது. அந்த வட்டிக்கு மேல போட்ட வட்டி மட்டும்தான் திரும்பி வந்துச்சு, 2 கோடிக்குள்ள இருந்த லோனுக்கு 2020 நவம்பர்லயே வரவு வெச்சாங்க, 2021 மார்ச் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் எல்லா லோனுக்கும் அதை விரிவுபடுத்துச்சு, ஆனா முழு வட்டியையும் தள்ளுபடி பண்ண மாட்டோம்னும் அதே தீர்ப்புல சொல்லிட்டாங்க. உங்க கணக்குக்கு அது 2,500 ரூபாய் சொச்சம்தான் வரும், ஸ்டேட்மென்ட்ல தேடிப் பாருங்க.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது வேற விஷயத்துல. மத்திய அரசோட அவசர கடன் உத்தரவாதத் திட்டம், இசிஎல்ஜிஎஸ்ம்பாங்க, அதுல 2021 மார்ச் கடைசியில ஓட்டல், டூரிசத்தோட விளையாட்டுத் துறையையும் பேர் சொல்லியே சேத்தாங்க. 29.02.2020 அன்னிக்கு இருந்த பாக்கியில 40 சதவீதம் வரைக்கும் கூடுதல் கடன், அடமானம் கிடையாது, ரெண்டு வருஷம் அசல் கட்ட வேண்டாம். உங்க மாதிரி ஆளுக்குன்னே வந்த திட்டம், உங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல. 2023 மார்ச்சோட அது முடிஞ்சுபோச்சு. இப்போ செய்யக்கூடியது, மேனேஜரைப் பாத்து வட்டி விகிதத்தைக் குறைக்கவோ வேற பேங்க்குக்கு மாத்தவோ கேக்கறது. இத்தனை வருஷமா ஒழுங்கா கட்டியிருக்கீங்க, கேக்கறதுக்கு உங்களுக்குத் தகுதி இருக்கு.

பெற்றோர், கோச்

சட்டப்படி இந்த ரெண்டுலயும் உங்க மேல இப்போ பெருசா ஆபத்து இல்ல. நுகர்வோர் கோர்ட்டுக்கு ரெண்டு வருஷம், அது 2024 பிப்ரவரியோட போச்சு, சிவில் வழக்கு போடற மூணு வருஷமும் போயாச்சு. சம்பளம் முழுசா தரணும்னு 2020 மார்ச் 29-ல மத்திய அரசு போட்ட உத்தரவையும் மே மாசமே வாபஸ் வாங்கிட்டாங்க, அந்த நாட்களுக்கு முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிச்சுக்கோங்கன்னுதான் ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லுச்சு.

ஆனா நீங்க கேட்டது ஆபத்து இருக்கான்னு இல்லயே, உறுத்துதுன்னுதானே எழுதினீங்க. ஓனர் விஷயத்துல கையெழுத்து போடாதீங்கன்னு சொன்ன அதே ஆள்தான் சொல்றேன், இந்த 14 வீட்டுக்கும் கணக்கு முடிங்க. அவங்க கட்டினது நடக்காத வகுப்புக்கு. பணமா முடியலேன்னா அந்தப் பசங்க, இல்லேன்னா தம்பி தங்கச்சிங்க, அத்தனை மாசம் இலவசமா ஆடட்டும், மதியம் காலியா கிடக்கிற ஸ்லாட்டைக் குடுங்க, உங்களுக்குக் கைக்காசு போகாது. கோச்சுல ஒருத்தர் அந்த சமயத்துல சாப்பாடு டெலிவரிக்குப் போனவர் திரும்பி வரவே இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அவருக்குத் தர வேண்டிய பாதியை எவ்வளவுன்னு கணக்கு போட்டு வெச்சுட்டு, இந்த ஓனர் விவகாரம் முடிஞ்சதும் மொதல்ல அவரைக் கூப்பிடுங்க.

அதுவரைக்கும் வேண்டியது: பழைய அக்ரிமென்ட், 2020 ஏப்ரல்லேருந்து பேங்க் ஸ்டேட்மென்ட், ரசீதுங்க, அந்த வாட்ஸ்அப் முழுசும், மகன் குடுத்த லெட்டர் காப்பி. இதை எடுத்துக்கிட்டு உங்க ஊர்லயே வாடகை வழக்கு பாக்கற வக்கீல் ஒருத்தரைப் பாருங்க. செலவுக்கு யோசிச்சா, கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே சமரசம் பேச மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுக்கலாம், கட்டணம் கிடையாது. அங்க லோக் அதாலத்துல முடிஞ்சா அது கோர்ட் தீர்ப்பு மாதிரி, மகனும் அப்புறம் மாத்திப் பேச முடியாது.